பெட்டாபைட்டுக்கு ஒரு தனிப் பாதை

கேள்வி: பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சிக்கென்று தனி நெட்வொர்க் வைத்திருக்கின்றனவாமே? நாம் பயன்படுத்தும் இன்டர்நெட் போதாதா?

பதில்: போதாது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் தரும் தரவில் ஒரே ஒரு பெட்டாபைட்டை உங்கள் வீட்டு 100 மெகாபிட் இணைப்பில் இறக்க ஆரம்பியுங்கள். இரண்டரை வருடம் ஆகும். அதற்குள் ஆய்வு மாணவருக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்! 100 கிகாபிட் பாதையில் ஒரு நாள்கூட வேண்டாம்.

இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டே 1969-இல் ஆராய்ச்சிக் கூடங்களை இணைக்கப் பிறந்ததுதான். 1995-இல் அமெரிக்காவில் இன்டர்நெட்டின் முதுகெலும்பான முக்கியப் பாதை வணிக நிறுவனங்களின் கைக்குப் போனது. அடுத்த வருடமே 34 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆராய்ச்சிக்கென்று 'இன்டர்நெட்2'வைத் தொடங்கின. இந்தியாவில் இதே நோக்கத்துக்கான தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010-இல் அரசு ஒப்புதல் கிடைத்தது.

அகலமான பாதை மட்டும் இருந்தால் ஆகாது, அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணிக்கும்; கண்டம் விட்டுக் கண்டம் போகும்போது பல ஆயிரம் பொட்டலங்களுக்கு ஒன்று தொலைந்தால்கூட, அனுப்பும் கணினி 'வழியில் நெரிசல்' என்று பயந்து வேகத்தைச் சடாரென்று குறைத்துக்கொள்ளும். பழைய நிலைக்கு ஏற வெகுநேரம் பிடிக்கும். இந்த நெட்வொர்க்குகளை நடத்தும் பொறியாளர்கள் அந்த ஒரு பொட்டலத்தைத் துரத்திக்கொண்டு அலைகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

அவர்களின் நெட்வொர்க்குகளையும் மிஞ்சிய தரவு உண்டு. கருந்துளைகளைப் படம்பிடிக்க 2017 ஏப்ரலில் தென் துருவத்தில் பதிவான தரவு, ஹார்டு டிஸ்குகளாக விமானமேறி டிசம்பரில்தான் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே குளிர்காலம் முடியும்வரை வழக்கமான விமானங்கள் இறங்க முடியாதே!