ஒற்றை பிளக்கும் ஒன்றரை ஷிப்ட்டும்

திருப்பூரில் எல்லாவற்றுக்கும் ஷிப்ட் உண்டு. காலை எட்டரைக்குப் போய் சாயங்காலம் வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி வரை நின்றால் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. ஷிப்ட்டும் இல்லாமல், ஓ.டி.யும் இல்லாமல், லீவு நாளில் இன்னும் அதிகமாக உழைக்கிற ஒரே ஜீவன் எங்கள் லைன் வீட்டு பிளக் பாயின்ட்தான்.

லைன் வீடு கட்டுகிற ஓனர்கள் சிக்கனக்காரர்கள். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், போர்டின் ஓரத்தில் ஒரு பிளக். ரேடியோ மட்டும் பாடிய காலத்தில் அது போதும். பிறகு அரசாங்கத்துக்கு நம்மேல் பாசம் பொங்கியது. 2006-க்குப் பிறகு கலர் டிவி வந்தது. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் சேர்ந்து வந்தன. 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட்டும் இலவசமானது. இத்தனையையும் எதில் சொருகுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த பிளக்குக்கு இருக்கிற கிராக்கி எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூட இருக்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு வெந்நீர் ராடு போட வேண்டும். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவருக்கு அயர்ன் பாக்ஸ் வேண்டும். கேஸ் தீர்ந்த வீட்டில் கறிக்குழம்புக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டும். மூன்று பேருக்கும் அவசரம். எனவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற கூட்டணி ஆட்சி அமைகிறது.

பக்கத்து வீட்டு அக்கா எலக்ட்ரீசியனிடம் நியாயம் கேட்டார்: “ஏனுங் தம்பி, அதுலதான் நாலு ஓட்டை இருக்குதுங்களே? நாலும் போட்டா என்னங்?”

“ஓட்டை நாலுங்க்கா. ஆம்பியர் ஆறுதானுங்.”

இந்த ஒரு வரிக்கு அவர் தனியாகக் கூலி கேட்டிருக்கலாம். நம் வீடுகளில் இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், ராடு 1,500, இண்டக்‌ஷன் 2,000. மொத்தம் 4,500 வாட். ஏறக்குறைய இருபது ஆம்பியர். ராடு ஒன்றே அளவைத் தாண்டிவிடுகிறது. மற்ற இரண்டும் சேர்ந்தால், ஒரு டி.வி.எஸ். 50-இல் குடும்பத்தோடு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டு மேம்பாலம் ஏறுகிற கதைதான்.

வயரில் சூடு கரண்ட்டோடு சமமாக ஏறுவதில்லை. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. வட்டிக்கு விடுகிறவர்கள்கூட இந்த வேகத்தில் கேட்பதில்லை.

பெரிய பிளக்கின் பின்கள் தடிமனானவை; சின்ன ஓட்டையில் அது நுழையாது. நாம் விடுவோமா? கடையில் கன்வர்ட்டர் வாங்குகிறோம். அதுவும் இல்லையென்றால் பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, வயரின் தோலைச் சீவி, செம்பு இழைகளை ஓட்டைக்குள் விட்டு, நழுவாமல் இருக்க ஒரு தீக்குச்சியைச் சொருகுகிறோம். தீப்பிடிக்கிற இடத்தில் முன்கூட்டியே தீக்குச்சி வைத்துவிடுகிற தீர்க்கதரிசனம் வேறெந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது. கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகும். தொட்டால் சுடும், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வரும். “சமைக்கிற வாசம்” என்று சொல்லி நாம் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

இதில் வேடிக்கை, நாமெல்லாம் பனியன் கம்பெனியில் வேறு மாதிரி. வெளிநாட்டு பையரின் ஆடிட் என்றால், பேனல் போர்டுக்கு முன்னால் ரப்பர் மேட், தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் ஒரு துணிக்கட்டு கிடந்தால் சூப்பர்வைசருக்கு ரத்தக் கொதிப்பு. ஜெர்மனியில் பனியன் போடப் போகிறவருக்காக இங்கே அத்தனை வயரும் ஒழுங்காக ஓடுகிறது. அந்தப் பனியனைத் தைத்தவர் ராத்திரி வீட்டுக்கு வந்து தீக்குச்சி தேடுகிறார். அந்த ஆடிட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குக் கூட்டி வந்தால், ஆர்டரை மட்டுமல்ல, விசாவையும் கேன்சல் செய்துகொண்டு ஓடிவிடுவார்.

வழி நம் தொழிலிலேயே இருக்கிறது: பிளக்குக்கும் ஷிப்ட் போடுங்கள். செல்போன் சார்ஜரும் டிவியும் ஒன்றாக ஓடலாம், அவை சாது. சூடு பண்ணுகிற சாமான் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதுவும் சுவரில் இருக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். பவர் பிளக் இல்லையென்றால் ஓனரிடம் கேளுங்கள்: 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், ஒழுங்கான எர்த், லோடு கூடினால் கரண்ட்டை நிறுத்த 16 ஆம்பியர் எம்.சி.பி., ஷாக் அடித்தால் கரண்ட்டை நிறுத்த ஒரு ஆர்.சி.சி.பி.

“அதெல்லாம் செலவுங்” என்பார் ஓனர். நீங்கள் கொடுத்த அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வீடு எரிந்தால் ஓனருக்கு அந்த வாடகையும் வராது, உங்களுக்கு அந்த அட்வான்ஸும் வராது.