ஆறு ஓவரில் யாரை எடைபோடுவது?

மணிமங்கலம் ஏரியில் தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசிதான் எண்பதுகளில் எங்களுக்குக் கிரிக்கெட் காலம். ஓவர் கணக்கெல்லாம் கிடையாது. சோமங்கலத்துப் பையன்களோ கரசங்கால் பையன்களோ சைக்கிளில் வந்து இறங்கினால், பத்து விக்கெட்டும் விழும்வரை ஒரு அணி ஆடும். அப்புறம்தான் அடுத்த அணி. இருட்டிவிட்டால் ஸ்கோர் நோட்டை மூடிவைத்து, மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

எங்கள் அணியில் ஒரு அண்ணன் இருந்தார். அவர் சிக்ஸர் அடித்து யாரும் பார்த்ததில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடமாட்டார். ஸ்டம்புக்கு வருவதைக் கட்டை போடுவார். வெயில் ஏற ஏற எதிரணிப் பையன்களின் கண் கரையோர நிழலுக்குப் போகும். பந்துவீச்சு தளரும். அப்போதுதான் அவர் ஒன்றிரண்டாகச் சேர்க்கத் தொடங்குவார். ஆள் பிரிக்கும்போது முதலில் கேட்பது அவரைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற பையன்களும் அதே அணியில் இருந்தார்கள். அவர்களும் வேண்டும், இவரும் வேண்டும். யார் எந்த ஆட்டத்துக்குப் பொருத்தம் என்ற பேச்சே எழுந்ததில்லை.

இந்திய அணியும் அப்போது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு அணியிலும் அதிக ரன் எடுத்தவர் நம் ஸ்ரீகாந்த், எடுத்தது 38. ஒருநாள் ஆட்டத்துக்கென்றே பிறந்தவர் என்று அவரைச் சொல்வோம். ஆனால் அதே அதிரடியை அவர் டெஸ்டுக்கும் கொண்டுபோனார். 1986-இல் சிட்னியில் 116, 1987-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123. 43 டெஸ்ட், 146 ஒருநாள் ஆட்டம் ஆடி முடித்தபோது இரண்டிலும் அவருடைய சராசரி முப்பதுக்குச் சற்றே கீழே நின்றது. இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே மனிதர், ஒரே மட்டை.

பிறகு எங்கள் பக்கம் மாறியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்ட். இன்று கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் ஊர் வழியே போகின்றன. திருநெல்வேலி, தர்மபுரி, ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு. அதிலும் பாதி தூக்கத்துக்கு. மிச்ச நேரத்துக்குள் அடங்கும் கிரிக்கெட்தான் அவர்களுக்கு வாய்க்கும். அதனால் ஆறு ஓவர், எட்டு ஓவர் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். விளக்கு போட்டு விடிய விடிய நடக்கும். பரிசுத் தொகை உண்டு, யூடியூபில் நேரலை உண்டு, தமிழில் வர்ணனையும் உண்டு.

அந்த ஆட்டத்தில் திறமைக்குக் குறைவில்லை. லாங் ஆனில் எல்லைக்கோட்டருகே பாய்ந்து பிடிக்கும் கேட்ச்சும், கடைசி ஓவரில் காலடியில் இறங்கும் யார்க்கரும் எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்காதவை. ஆனால் எங்கள் அண்ணனைப் போன்ற ஒரு பையனை அங்கே பார்க்க முடியவில்லை. இருந்தாலும் அவன் யாரென்று தெரியவரும் அளவுக்கு ஆட்டம் நீள்வதில்லை. முதல் ஓவரில் இரண்டு பந்தை விட்டாலே, “அவன் டெஸ்ட் ஆளு, எறக்காத” என்று முத்திரை விழுகிறது.

இரண்டு ஆட்டமும் வேறு என்பதை நான் மறுக்கவில்லை. இருபது ஓவரில் 120 பந்து, பத்து விக்கெட். ஒரு விக்கெட்டுக்குப் பன்னிரண்டு பந்துதான். அங்கே பந்தை வீணாக்குவது பெருங்குற்றம், அவுட் ஆவது சிறு குற்றம். டெஸ்டில் ஒரு நாளைக்கே 90 ஓவர், 540 பந்து. அங்கே விக்கெட்தான் விலையுயர்ந்தது. பந்துவீச்சாளருக்கும் அப்படியே. நான்கு ஓவரில் 24 பந்தை ஆறு விதமாகப் போட்டு ஏமாற்றலாம். நாள் முழுக்கப் போட வேண்டியவன், அடிக்கவேண்டிய அவசரமே இல்லாத மட்டையாளனுக்கு ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒருவனிடம் நான் பார்ப்பது இதைத்தான்: ஆடத் தேவையில்லாத பந்தை என்ன செய்கிறான், மூன்றாவது ஸ்பெல்லில் அவன் கை எப்படி இருக்கிறது.

ஆனால் இதை எந்தத் தேர்வாளரும் இருபது ஓவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நம் ஊர்க்காரர்களே சாட்சி. 2010 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் முரளி விஜய் 56 பந்தில் 127 அடித்தார், பதினொரு சிக்ஸர். அதை மட்டும் பார்த்தவர் அவரை எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்? அதே விஜய் 2014-இல் இங்கிலாந்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தையெல்லாம் விட்டுவிட்டு, டிரெண்ட் பிரிட்ஜில் 146, லார்ட்ஸில் 95 எடுத்தார். தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் அவருடையது, 402. கணக்கை முடித்தபோது 61 டெஸ்ட். சர்வதேச இருபது ஓவர் ஆட்டமோ வெறும் ஒன்பது.

வாஷிங்டன் சுந்தரை இருபது ஓவரில் பவர்பிளேக்குப் பந்து போடுகிறவர் என்றுதான் முதலில் தெரியும். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் அறிமுகமானபோது அவர் முதல்தர ஆட்டம் ஆடி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 6 விக்கெட்டுக்கு 186 என்ற நிலையில் அவரும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். அவர் எடுத்தது 62. 2025-இல் மான்செஸ்டரில் 206 பந்து நின்று 101 எடுத்து, ஜடேஜாவோடு டெஸ்டைத் தோற்காமல் காப்பாற்றினார். எங்கள் அண்ணன் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

எதிர்த்திசையிலும் இதேதான் நடந்தது. பத்ரிநாத் முதல்தர ஆட்டத்தில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர். நீண்ட ஆட்டத்துக்கே உரியவர் என்று பெயர். இந்தியாவுக்காக 2011-இல் ஒரே ஒரு இருபது ஓவர் ஆட்டம் ஆடினார். 43 ரன், ஆட்டநாயகன். அதோடு சரி. டெஸ்டிலாவது வாய்ப்பு வந்ததா என்றால் அங்கும் இரண்டே ஆட்டம். தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள்: 2007-இல் இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தார். 2018-இல் கொழும்பில் 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்து சிக்ஸரில் கோப்பையை வென்று தந்தார். இவர் எந்த வகை?

எங்கள் பையன்கள் நெஞ்சில் சுமப்பது நடராஜனை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர், டிஎன்பிஎல்லில் அடையாளம் காணப்பட்டவர். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்துவீச்சாளராகப் போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். அந்த நாள் வரும்வரை அவரை யாராவது டெஸ்ட் பந்துவீச்சாளர் என்று சொல்லியிருப்பார்களா? பலர் காயத்தால் விலகியதால் கதவு திறந்தது. திறந்தபின்தான் உள்ளே இருந்தது தெரிந்தது. பிறகு அவரையே முழங்கால் காயம் பிடித்துக்கொண்டது. ஒரு டெஸ்டோடு நிற்கிறது அந்தக் கணக்கு.

பொருத்தம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, கிடைத்த வாய்ப்பின் மறுபெயர். வருண் சக்ரவர்த்தி ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று. வெள்ளைப் பந்தில் அவர் செய்ததை உலகம் பார்த்துவிட்டது. சிவப்புப் பந்தில் அவர் யார் என்பதைப் பார்க்க யாரும் போதிய நேரம் கொடுக்கவில்லை. ஒருவனுக்கு நீண்ட ஆட்டம் வராது என்று சொல்லும் உரிமை, அவனுக்கு நீண்ட ஆட்டத்தைக் கொடுத்துப் பார்த்தவருக்குத்தான் உண்டு.

சில வருஷம் நின்றிருந்த புச்சிபாபு கோப்பையை 2023-இல் நான்கு நாள் ஆட்டமாக மீண்டும் நடத்தி, கோவை, சேலம், நெல்லை, நத்தம் என்று வெளியூருக்கும் கொண்டுபோனார்கள். நல்ல காரியம். அது இன்னும் கீழே இறங்கவேண்டும். படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பக்கத்துப் பள்ளிப் பையன்களுக்குக் கோடை விடுமுறையில் லெதர் பந்து கொடுத்து, மேட் விரித்து, இரண்டு நாள் ஆட்டம் வையுங்கள். இத்தனை கம்பெனிகள் சூழ்ந்த ஊரில் அதற்கு ஆகும் செலவைத் திரட்டுவது பெரிய காரியமில்லை. ஒரு பையன் முதல்நாள் சைபருக்கு அவுட் ஆகி, மறுநாள் திரும்ப இறங்கட்டும். அந்த இரண்டாவது இன்னிங்ஸைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அவன் எந்த ஆட்டத்துக்கு உரியவன் என்று.