இரண்டு விரல், இரண்டு தசமம்

நான் பல் மருத்துவம் படித்த காலத்தில் தாடைத் தசையை அளக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி, பேராசிரியரின் வலது கை. நோயாளியின் கன்னத்தில் இரண்டு விரலை வைப்பார். "நல்லா இறுக்கிக் கடிங்க… விடுங்க… இன்னொரு தடவை" என்பார். காதுக்குக் கீழே மாசட்டர் தசை விரலடியில் திரண்டு எழும். "வலது பக்கம் சற்றுப் பருமன்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வார். சற்று என்றால் எவ்வளவு சார் என்று கேட்கும் துணிச்சல் வகுப்பில் யாருக்கும் இல்லை.

எக்ஸ்ரே இருந்தது. எலும்பையும் பல்லையும் பற்றி வாய் ஓயாமல் பேசும். தசை என்றால் கப்சிப். அதனால் விரல்தான் கதி. தூக்கத்தில் பல்லை நறநறத்தே மாசட்டர் பருத்துப்போனவர்கள், பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துக் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வந்து உட்காருவார்கள். கடிக்கச் சொன்னதும் அந்த 'வீக்கம்' கல்லாக இறுகும். வைத்தியம் அங்கேயே முடிந்து, சங்கிலி பீரோவுக்குத் திரும்பும்.

இன்று நிலைமை வேறு. 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி ஸ்கேன் முதல் நோயாளியைப் படமெடுத்தது. பின்னாலேயே எம்.ஆர்.ஐ. வந்தது. இப்போது தசையின் தடிமன் மில்லிமீட்டரில், இரண்டு தசமத்தோடு கிடைக்கிறது. ஒரே சங்கடம், எந்தக் கருவியில் என்ன சொல்லி எடுத்தோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

அல்ட்ராசவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் புரோபைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் தசை நசுங்கி மெலிந்துவிடும்; ஜெல்லின் மேல் மிதக்கவிட வேண்டும். கடித்தால் தடிக்கும், தளர்ந்தால் மெலியும். ஆகவே லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மிஷின் முன்னாலும் டாக்டர் சொல்வது, "இறுக்கிக் கடிங்க… விடுங்க." தாடை எலும்புக்கு உட்புறம் ஒளிந்திருக்கும் டெரிகாய்ட் தசைகளை எட்டுவதும் அதற்குப் பெரும்பாடு, எலும்பு ஒலியை மறித்துவிடும்.

சிடி, மெல்லும் தசைகள் நான்கையும் சில நொடிகளில் காட்டிவிடும். பதிலுக்குக் கதிர்வீச்சைத் தரும். அளவெடுக்க மட்டும் அதை வாங்கிக்கொள்வது அதிகம். தவிர, தசை ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும். வாழைக்காயைச் சாய்த்துச் சீவினால் பஜ்ஜி பெரிதாக வருவதுபோல, ஸ்லைஸ் சாய்ந்தால் தசையின் பரப்பும் ஊதிப் பெருக்கும்.

எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சே கிடையாது. தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில் அதுதான் கெட்டிக்காரன். ஆனால் வாயில் உலோகக் கேப்பும் பல் கம்பியும் இருந்தால் படம் நெளியும். உள்ளே கேட்கும் தடதட சத்தத்தில் ஆசாமி பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். அதையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். பிறகு ஒவ்வொரு ஸ்லைஸிலும் தசையின் ஓரத்தைக் கோடு கட்டி, பரப்பை ஸ்லைஸின் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கன அளவு. இரண்டு டாக்டர்கள் கோடு கட்டினால் இரண்டு விடை. இப்போது அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரே போடுகிறது; கற்றுக்கொண்டதென்னவோ மனிதர்கள் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான்.

வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போச்சே என்று கவலைப்பட்ட தலைமுறை போய், தாடையை ஒட்டவைக்க போடாக்ஸ் கேட்கும் தலைமுறை வந்திருக்கிறது. ஊசி போட்டால் தசை வேலை குறைந்து சில வாரங்களில் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று பார்க்க மறுபடி ஸ்கேன்.

கருவிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதுதான் தப்பு. முன்னும் பின்னும் அளப்பதென்றால் அதே கருவி, அதே படுக்கை நிலை, முடிந்தால் அதே கை. கடித்தபோது எடுத்ததா, தளர்ந்தபோதா என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.