சீட்டைக் கரைச்சா தேத்தண்ணி இனிக்குமா?

ஏன்டா பேராண்டி, கோலாலம்பூர்ல கம்பியூட்டர் வேலை, கழுத்துல அட்டை, கையில தே தாரிக். எல்லாஞ் சரி. ஒரு ஃபங்ஷன் பதிலை இப்பவே குடுக்குமா, பொறவு குடுக்குமான்னு கண்டுபிடிக்க, ஜாவாஸ்கிரிப்ட்ல நாப்பது வரி எழுதி வெச்சிருக்கியாமே? அதுக்குப் பேரு வேற சூட்டியிருக்கியாம்!

அதுல என்னாதான் பாக்குற? 'ஏசிங்க்ஃபங்ஷன்'னு நெத்தியில எழுதியிருக்கான்னு பாக்குற. ஏசிங்க் போடாத ஃபங்ஷனும் 'பொறவு தாரேன்'ங்கிற ப்ராமிஸை நீட்டுமே, அப்ப என்னா செய்வ? பழைய பிரவுசருக்காக பேபெல் வெச்சு மாத்துனா, நெத்தி எழுத்தும் அழிஞ்சிருமே?

தஞ்சோங் காராங் பாசாருக்குப் பொடியன ஒருத்தன சீனி வாங்க அனுப்புறோம். சில நாளு சீனியோட வருவான். சில நாளு, 'சரக்கு வந்தொடனே தாரேன்'னு தவுக்கே எழுதுன சீட்டோட வருவான். ஒங்க பாட்டி பொடியன் மூஞ்சியவா ஆராயுவா? கையப் பாப்பா. சீனின்னா டப்பாவுல கொட்டுவா. சீட்டுன்னா சரக்கு வர்ற வரைக்கும் பொறுத்திருப்பா. அம்புட்டுத்தான்டா அவெய்ட். 2017-லயே மொழிக்குள்ள வந்தாச்சு. வெறும் எண்ணுக்கு முன்னால போட்டாலும் அது கோவிச்சுக்காது.

நீ என்னா செய்யிற? அவெய்ட்ட மறந்துட்டு, 'இவனுக்கு அனுமதி இருக்கா'ன்னு இஃப் போடுற. ப்ராமிஸ் எப்பவும் உண்மைன்னுதான் தேறும். வர்றவன் போறவன் எல்லாம் உள்ள! சீட்டைத் தேத்தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு, 'ஆகா, இனிக்குது'ங்கிற ஆளுடா நீ.

இன்னொண்ணு. கையில இருக்குற பதிலுக்கு அவெய்ட் போட்டாலும் அடுத்த வரி ஒடனே ஓடாது. மைக்ரோடாஸ்க் வரிசையில நின்னுதான் வரும். அதுவும் நல்லதுதான். ஒரு நேரம் ஒடனே, ஒரு நேரம் லேட்டுன்னு ஆட்டங் காட்டுற ஃபங்ஷன் எழுதுறத, 'ஸால்கோ'ங்கிற பேய அவுத்து விடுறதுன்னு நோட் ஜேஎஸ் ஆளு ஐசக் ஷ்லூட்டர் 2013-லயே திட்டியாச்சு. அதுக்காக லட்சம் தடவ சுத்துற லூப்புக்குள்ளயும் அவெய்ட்டத் தூவாத.

ப்ராமிஸ்.ரிசால்வ்க்குள்ள ஃபங்ஷனக் கூப்புட்டு வெச்சா கவலையில்லேன்னு ஒரு கூட்டம் சொல்லுது. கூப்புட்ட மாத்திரத்துல அது எர்ரர் எறிஞ்சா? ப்ராமிஸ் பொறக்குறதுக்கு முந்தியே வெடிச்சிரும், அதுல மாட்டி வெச்ச கேட்ச் என்னாத்தப் புடிக்கும்? வெறும் ப்ராமிஸ்.ரிசால்வ் போட்டு, அதோட தென்னுக்குள்ள ஃபங்ஷனக் குடுத்தா சிக்கும், ஆனா ஓட்டம் தள்ளிப் போவும். ஒடனே ஓடணும், எர்ரரும் சிக்கணும்னா ப்ராமிஸ்.ட்ரை. புளூபேர்ட் நூலகத்துல ரொம்ப வருசமாக் கெடந்த சாமான், 2025-லதான் மொழித் தரத்துல ஏறுச்சு. ஒங்கிட்ட பழைய நோடா? ஏசிங்க் ஃபங்ஷன் ஒண்ணுக்குள்ள வெச்சுக் கூப்புடு, அதே வேலை நடக்கும்.

சாதாரண ட்ரை-கேட்ச்ல, ட்ரைக்குள்ள ப்ராமிஸை ரிட்டர்ன் போடுறியா? அங்கயும் அவெய்ட் வையி. இல்லாட்டி கீழ இருக்குற கேட்ச் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும், எர்ரர் ஒன்னையக் கூப்புட்டவன் தலையில போய் விழும். அவன் ஒன் மேனேஜராப் போயிட்டா என்னாடா செய்வ?