30 வைரத்துக்கு ஒரு பெருமூச்சு

என் செல்போனில் நான்கு பேர் என்னைக் காதலித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கம்பெனி முதலாளி, ஒருவர் டாக்டர், ஒருவர் போலீஸ், ஒருவர் பாடகர். பெண்களுக்கான காதல் கேம்களில் இந்தக் கூட்டணி அநேகமாக மாறாது. முதலாளி சிரிக்க மாட்டார். டாக்டர் எதையோ மறைப்பார். போலீஸ் பைக்கில் வருவார். பாடகருக்கு எப்போதும் பசி.

கதாநாயகி நான்தான். பெயர் வைத்ததும் நான்தான். முகம் மட்டும் கிடையாது. விளையாடுகிறவள் தன்னையே அங்கே வைத்துப் பார்க்கட்டும் என்று, நாயகியின் கண்களை முன்முடியால் மறைத்துவிடுவது இந்த வகை ஜப்பானிய கேம்களில் பழைய வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால், கண்ணை மறைத்து முடி தொங்கினால் யார்தான் தடுக்கி விழமாட்டார்கள்? அத்தியாயத்துக்கு ஒருமுறை விழுந்தேன். விழுந்த இடத்திலெல்லாம் தாங்கிப் பிடிக்க நால்வரில் ஒருவர் தயாராக நின்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதை என் கையில் என்று சொல்லித்தானே சேர்த்துக்கொண்டார்கள்? மழையில் குடையோடு நிற்கும் முதலாளி, "ஏன் என்னைவிட்டு விலகுகிறாய்?" என்பார். மூன்று பதில்கள் வரும். 'விலகவில்லை', 'போய்விடு', மூன்றாவதாக 'கண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடு'. மூன்றாவதற்கு 30 வைரம், அதாவது காசு கொடுத்து வாங்கும் கேம் வைரம். நான் 'போய்விடு' என்றேன். "நீ அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்" என்றார். நினைத்துத்தான் சொன்னேன். 'விலகவில்லை' என்று சொல்லிப் பார்த்தாலும் அதே வசனம். சரி என்று 30 வைரத்தையும் அழுதேன். பெருமூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதே வசனம்.

பெண்களுக்கான காதல் கேம்களில் முதலாவது என்று சொல்லப்படுவது 1994-இல் ஜப்பானின் கோயெய் நிறுவனம் வெளியிட்ட 'ஆஞ்ஜெலிக்'. அதை உருவாக்கியது ரூபி பார்ட்டி என்ற பெண்கள் குழு. அதன் நாயகி பிரபஞ்சத்தின் அடுத்த மகாராணியாகும் போட்டியில் இருப்பவள். எதிரே ரோசாலியா என்ற போட்டிக்காரி, சுற்றிலும் 9 காவலர்கள். அவர்களில் ஒருவரிடம் மனதைக் கொடுத்தால் சிம்மாசனம் போச்சு. அந்தக் காலத்தில் காதலுக்கு ஒரு பிரபஞ்சத்தையே விலை வைத்திருந்தார்கள். இப்போது யுபிஐ-யில் கட்டிவிடலாம்.

எல்லாக் கேமும் இப்படி என்று சொல்லமாட்டேன். 2016-இல் கொரியாவின் செரிட்ஸ் வெளியிட்ட 'மிஸ்டிக் மெசஞ்சர்' என் தோழிக்கு உயிர். அதில் நாயகர்கள் நிஜ நேரத்தில் சாட்டுக்கு வருவார்கள், விடியற்காலை 3 மணிக்கும்கூட. தூங்கிவிட்டால் அந்தப் பேச்சு நம்மை விட்டுவிட்டு நடந்து முடிந்துவிடும். "இந்த நேரத்துல யாருடி அவன்?" என்று அவள் அம்மா கேட்க, "ஹேக்கர்மா" என்று உள்ளதைச் சொல்லி இன்னும் வசமாக மாட்டிக்கொண்டாள்.

என் கேமில் அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அடுத்த அத்தியாயத்துக்கு டிக்கெட் ஊற மூன்று மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஒரு காத்திருப்பா? காத்திருந்ததற்கு ஏதாவது நடக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. நடந்தது இது: டாக்டருக்கு ஞாபகம் போய்விட்டது. கதை எழுதியவருக்கும் போயிருக்க வேண்டும். செத்துப்போன அண்ணனுக்காக என் தோளில் அழுத போலீஸ், இரண்டு அத்தியாயம் தள்ளி அதே அண்ணனுடன் போனில் பேசிச் சிரிக்கிறார்.

அதன் பிறகு நால்வரையும் வேகமாகத் தட்டித் தள்ளிக்கொண்டே போக ஆரம்பித்தேன். ஒரே ஒருவருக்காக மட்டும் விரல் நின்றது. முதலாளி ஆபீசில் கணக்குப் பார்க்கும் கண்ணாடிக்காரர். எப்போதாவது வந்து, "மாசக் கணக்கு முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இல்லை என்று பதில் சொன்னால் நிஜமாகவே கோபப்படுவார். அந்தக் கேமிலேயே நான் சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே ஆண்பிள்ளை. அவரைக் காதலிக்க வழி இருக்கிறதா என்று மெனு முழுக்கத் தேடினேன். எத்தனை வைரம் கொடுத்தாலும் இல்லை.

கேம்காரர்களுக்கே எழுதிக் கேட்டேன். உங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது, கூடவே 20 வைரம் இலவசம். பெருமூச்சு விடலாமென்றால் இன்னும் பத்து குறைகிறது.