வேளச்சேரி மலையேறிகள்

சென்னை வேளச்சேரியில் மேடு என்று சொல்லவே ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, பங்குனி வந்தால் ஐ.டி. பிள்ளைகளுக்கு மலையேறக் கால் அரிக்கிறது. எல்லாரும் போகிற பாதை வேண்டாமாம்; ஆளில்லாத பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டுமாம். குளிர்நாட்டில் வசந்தம் என்றால் பூ. நம் மலைகளில் அப்போது புல் காய்ந்து ஒரு பொறிக்குத்தான் காத்திருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, வழிகாட்டியையும் கூடவே அனுப்புகிறது.

“வழிகாட்டியோடு போனா அது என்ன சார் சாகசம்?” என்கிறார் எங்கள் அடுக்ககத்து இளைஞர். லிஃப்ட் பழுதானால் மூன்றாம் மாடிக்கு ஏறாமல் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறவர் அவர்.

உயரம்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. சுமார் 300 அடி, படிக்கட்டு வசதியோடு. அதைவிடக் கிட்டத்தில் மேம்பாலம். 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது ஊர்க் கார்களெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து அதன்மேல் ஏறி வரிசைகட்டி நின்றன. முன்பதிவு கிடையாது, வழிகாட்டி கிடையாது. கைப்பிடிச் சுவரோரம் நின்று எட்டிப்பார்த்தால், வீடு விற்றவர் விளம்பரத்தில் சொன்ன ‘ஏரிக் காட்சி’ நான்கு பக்கமும் தெரியும்.