வனவாசத்துக்குப் பத்துப் பேர்ச்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு பார்க்கும் வேலை கிடையாது. வீடு பெண்ணோடு வரும். தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும் இதில் பேதமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவார். அந்த வளவில் கிணறு எங்கே, மாமரம் எங்கே, மாமியின் கதிரை எங்கே என்பதெல்லாம் அவர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே முடிவாகியிருக்கும். நானும் அப்படித்தான் பாண்டிருப்புக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்கு நானாகத் தெரிந்து வாங்கிய பொருள் வாசற்படியில் கிடந்த கால்துடைப்பான் ஒன்றுதான். அது வழுக்குகிறது என்று மாமி அதையும் எடுத்து ஆட்டுக்கொட்டிலில் போட்டுவிட்டார்.

பெண்பிள்ளை பெற்றவனை மட்டும் இந்த வழக்கம் சும்மா விடாது. மகள் வளர்ந்துவிட்டாள், அவளுக்கு வீடு கட்டக் காணி தேட வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். நான் தேடியதும் சாதாரணக் காணியல்ல. 2022ஐப் பார்த்த ஒரு குடும்பஸ்தன் தேடும் காணி.

அந்த வருடத்தை மறந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் சிலிண்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு, சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, அதற்குக் காவலாக நாமும் நின்றோம். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அதற்கு முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, வெள்ளாமைக்காரனை வயலில் பேயறைந்தவன் மாதிரி நிற்க வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 2022 ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: அரசாங்க ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யட்டும்.

நான் ஒரு கந்தோர்க் கிளாக்கர். பேனையைத் தவிர வேறு எதையும் மண்ணில் ஊன்றாத கை. இருந்தாலும் நாட்டின் உணவுப் பாதுகாப்பு என் தலையில் சுமத்தப்பட்டுவிட்டதே என்று மண்வெட்டி எடுத்தேன். மூன்று மாத முடிவில் நாட்டுக்கு நான் அளித்தது ஒரு நேரக் கறிக்கான வெண்டிக்காய். மரவள்ளியும் நட்டேன், அது வந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆடு மதிலைத் தாண்டப் பழகிக்கொண்டது. அந்தக் காலத்தில் வீட்டைக் காப்பாற்றியவர் மாமிதான். பழைய அடுப்பை இடிக்க விடாமல் மறித்து வைத்திருந்தார். கொக்கரையும் பாளையும் சிரட்டையும் போட்டு ஐந்து பேருக்குச் சமைத்தார். “காஸ் வரட்டும், மறுகா உங்கட பேச்சக் கேப்பம்” என்றார். காஸ் வந்து எவ்வளவோ காலமாயிற்று. அந்த ‘மறுகா’ இன்னும் வரவில்லை.

ஆகவே மகளின் காணி சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தேன். சோறு, தேங்காய், தண்ணீர் மூன்றும் வளவுக்குள்ளேயே. கந்தோர்க் கொப்பி ஒன்றில் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் போகும். சுமாரான மரம் வருடத்துக்கு 60 காய் தரும் என்று வைத்தால் 6 மரம். ஏக்கருக்கு 64 மரம் என்பது தென்னை நடுகிறவர்களின் அளவு. அப்படியென்றால் ஒரு மரத்துக்கு இரண்டரைப் பேர்ச், தேங்காய்க்கு மட்டும் 15 பேர்ச். சோற்றுக்கு ஆளுக்கு வருடம் 100 கிலோ அரிசி, ஐந்து பேருக்கு 500 கிலோ, அதற்கு ஏறக்குறைய 800 கிலோ நெல். பெரும்போகம் நன்றாக விளைந்தால் அரை ஏக்கர் போதும், அதாவது 80 பேர்ச். ஆக, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே 95 பேர்ச் முடிந்துவிட்டது. கல்முனைப் பக்கத்தில் ஒரு பேர்ச்சின் விலையை வாய்விட்டுச் சொன்னாலே பக்கத்தில் நிற்பவர் தண்ணீர் கேட்பார். என் கையிலிருந்த காசுக்குப் பத்துப் பேர்ச் வரும், அதுவும் பேரம் பேசினால்.

சரி, சோற்றையும் தேங்காயையும் கடையில் வாங்கலாம், தண்ணீரையாவது சொந்தமாக்குவோம் என்று இறங்கினேன். பத்துப் பேர்ச் என்பது 2722 சதுர அடி. சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 52 அடி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். அப்படியானால் ஒரு மூலையில் குழி, எதிர் மூலையில் கிணறு, நடுவில் வீடு. பிரமாதமாகத்தான் வந்தது. வரைந்து முடித்த பிறகு மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, பக்கத்து வீட்டாக்கள்ற குழி எங்க?” என்று கேட்டாள். நாலு பக்கமும் நாலு வீடு. நாலு வீட்டாரும் என்னைப் போலவே மூலை தேடியவர்கள்.

இந்தக் கடற்கரைக் கிணற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. கேட்கச் சந்தோஷமான கணக்கு. ஆனால் மோட்டரைப் போட்டு மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். இரண்டு குதிரைவலு மோட்டர் வாங்கி வைத்திருந்தேன். மாமி வாளியையும் கயிற்றையும் காட்டினார்.

அடுத்தது ஆபத்து. இதில் கொஞ்ச நேரம் சிரிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். கடற்கரையில் கட்டக்கூடாது என்று வடக்குக் கிழக்குக்கு முதலில் 200 மீற்றர் சொன்னார்கள். பிறகு அது சுருங்கிற்று. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நின்றுவிட்டது. அப்போது மிஞ்சியவர்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் அலைந்த அலைச்சலைப் பார்த்த பிறகு, எங்கள் ஊரில் உறுதியைப் பொலித்தீன் உறையில் போட்டு வைக்காத வீடு குறைவு.

கிழக்கு வேண்டாமென்றால் மேற்கே போகலாமே என்பீர்கள். மேற்கே வயல் வட்டை. மாரியில் அது குளம். வயலை மூடி வீடு கட்டக் கட்ட, தண்ணீர் நிற்க இடமில்லாமல் பழைய வீடுகளுக்கு வருகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் நடந்த உயிரிழப்பை இந்தக் கட்டுரையின் தொனியில் எழுத எனக்கு மனமில்லை. கிழக்கே கடல், மேற்கே வெள்ளம். நடுவில் பிரதான வீதியை ஒட்டி மேடான ஒரு துண்டு. அங்கே ஏற்கனவே கடைகள், வங்கிகள், கோயில்கள், பள்ளிவாசல்கள் எல்லாம் தங்கள் தன்னிறைவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

ஓடும் வழியையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன். 2012 ஏப்ரல் 11, சுமாத்ராப் பக்கம் 8.6 அளவில் பூமி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்த நாள். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் ஓரிரு நாள்தான். ‘அவசரத்துக்கு எடுக்க வேண்டியவை’ என்று நான் கதவின் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலை ஒருவரும் பார்க்கவில்லை. மனைவி உறுதியையும் நகையையும் எடுத்தாள். மகள் பூனையை எடுத்தாள். மாமி முறுக்கு டின்னை எடுத்தார். நான் பட்டியலை எடுத்தேன். ஊரே மேற்கே ஓடியதால் ஒழுங்கை முழுவதும் வாகனம். வயல் வரம்பில் போய் நின்றோம். அலை வரவில்லை. பசி வந்தது. முறுக்கு டின்னைத் திறந்தபோது, பட்டியலில் சாப்பாடு என்ற சொல்லே இல்லை என்பதை மனைவி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள்.

எங்கள் ஊரில் தன்னிறைவுக் குடும்பம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பாண்டவர் குடும்பம்தான். திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் வருடா வருடம் அவர்கள் வனவாசம் போவதைப் பார்க்கிறோம். அவர்கள் காணி வாங்கவில்லை, கிணறு தோண்டவில்லை. சூரியன் கொடுத்த அட்சய பாத்திரம் கையில் இருந்தது. கூரையில் சோலார் பலகை பூட்ட வந்த பொடியனிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு வொறண்டி எத்தன வருஷம் சேர்?” என்று கேட்டான். அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: திரௌபதை சாப்பிட்டு முடித்துவிட்டால் அன்றைக்கு அதில் ஒன்றும் வராது. எங்கள் வீட்டில் மாமி சாப்பிட்ட பிறகு சட்டியில் கைவைத்துப் பாருங்கள்.

இப்போது எனக்குக் காணி காட்டுகிறவர் மருதமுனைக் காக்கா ஒருவர். பொறுமைசாலி. நான் கொப்பியைத் திறந்து தண்ணீர், மேடு, உப்பு, வெள்ளம், கடல் என்று கேட்கக் கேட்க, வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பார். கடைசியாகப் போன கிழமை வந்தார். முகத்தில் வெற்றி.

“சேர், நீங்க கேட்டது எல்லாம் இருக்கு. பொத்துவில் பக்கம், உள்ளால. ரெண்டு ஏக்கர். நல்ல தண்ணிக் கிணறு. கடல் இல்ல, வெள்ளம் இல்ல. தென்ன நிக்கி, வாழ நிக்கி, வயலும் ஒட்டினாப்போல. உங்கட காசுக்கே தருவாங்க.”

என் கை நடுங்கியது. அந்த விலைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

“யானை வரும் சேர்.”

“எப்ப?”

“பின்னேரம்.”

“எந்த நாள்?”

“எல்லா நாளும்தான்.” என் முகம் போன போக்கைப் பார்த்துக் காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நீங்க இவ்வளவு நாளும் கொப்பியில எழுதி எழுதித் தேடின காணிய அது ஒரு கொப்பியும் இல்லாமக் கண்டுபுடிச்சி வெச்சிருக்கு. பொறவென்ன, அது நல்ல காணிதானே சேர்?”